லைன் நின்றால் யார் வருவார்?

இரவு ஷிப்ட், மணி இரண்டு. போர்டில் பாகங்களைப் பொருத்தும் எஸ்எம்டி லைனின் கோடியில், சால்டரை உருக்கும் ரீஃப்ளோ அடுப்பிலிருந்து போர்டுகள் வரிசையாக வெளியே வந்துகொண்டிருக்கின்றன. பரிசோதனைக் கேமராவின் திரை ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பச் சிவப்பில் காட்டுகிறது. அங்கே இருக்கும் கெபாசிட்டரின் நீளம் 0.6 மில்லிமீட்டர், அகலம் 0.3 மில்லிமீட்டர். கடுகு அதைவிடப் பெரியது. படுத்துக் கிடக்க வேண்டிய அது ஒரு முனையில் மட்டும் ஒட்டிக்கொண்டு செங்குத்தாக நிற்கிறது. கல்லறைக் கல் நிற்பதுபோல் இருப்பதால் இதற்கு ‘டூம்ஸ்டோன்’ என்று பெயர். ஆபரேட்டர் அந்தப் போர்டை எடுத்து டச்-அப் மேஜைக்கு அனுப்புகிறார். அங்கே லென்ஸுக்கு அடியில் வைத்து, சால்டரிங் அயர்னால் கெபாசிட்டரைப் படுக்கவைத்துத் திருப்பி அனுப்புகிறார்கள். ஐந்தாவது போர்டிலும் அதே இடம். பத்தாவதிலும் அதேதான். இனி லைனை நிறுத்த வேண்டும். ஒருவரைக் கூப்பிட வேண்டும்.

கூப்பிட்டதும் வருகிறவர் டெக்னீஷியன். பத்துப் போர்டிலும் ஒரே இடத்தில் தவறு வந்தால் அது தற்செயல் இல்லை என்று அவருக்குத் தெரியும். சால்டர் பேஸ்ட் அச்சிடும் ஸ்டென்சிலில் அந்த ஓட்டை அடைத்துக்கொண்டதா என்று பார்ப்பார். பாகத்தை உறிஞ்சி எடுத்து வைக்கும் நாசில் தேய்ந்து, ஒரு பக்கமாகத் தள்ளி வைக்கிறதா என்று பார்ப்பார். இரண்டும் சரியாக இருந்தால் போர்டின் வரைபடத்துக்குப் போவார். கெபாசிட்டரின் ஒரு முனை அகலமான செம்புப் பரப்போடு சேர்ந்திருக்கும். செம்பு வெப்பத்தை இழுத்துக்கொள்வதால் அங்கே பேஸ்ட் உருகச் சற்றுத் தாமதமாகும். மறுமுனை முந்திக்கொண்டு உருகும். உருகிய சால்டரின் பரப்பு இழுவிசை ஒரு பக்கமாக இழுக்க, எடையற்ற அந்தச் சிறு பாகம் எழுந்து நின்றுவிடும். பள்ளிக்கூடத்தில் தண்ணீர்மேல் ஊசி மிதக்கும் பாடத்தில் படித்த அதே பரப்பு இழுவிசைதான். முன்சூட்டு நேரத்தைச் சில விநாடிகள் கூட்டினால் போதும் என்று அவர் முடிவுசெய்யலாம். போர்டின் வடிவமைப்பையே மாற்ற வேண்டும் என்று இன்ஜினியருக்கு எழுதவும் செய்யலாம்.

ஆபரேட்டர் வேலைக்கு ஒருவரைப் பழக்கச் சில வாரங்கள் போதும். இந்த இரண்டு மணி டெக்னீஷியன் உருவாகச் சில ஆண்டுகள் வேண்டும். கல்லூரிக்குள் மட்டும் அடைத்துவைத்தோ, தொழிற்சாலைக்குள் மட்டும் அடைத்துவைத்தோ அவரை உருவாக்க முடியாது. செம்பு வெப்பத்தை ஏன் இழுக்கிறது என்பதைச் சொல்லித்தர வாத்தியார் வேண்டும். பத்தாவது போர்டிலும் அதே தவறு வரும்போது வயிற்றில் எழும் பதற்றத்தை லைன்தான் கற்றுக்கொடுக்கும்.

தமிழ்நாட்டில் இன்று இவரை எப்படி உருவாக்குவது என்ற கேள்வி அவசரமாகிவிட்டது. மாநிலத்தின் எலக்ட்ரானிக்ஸ் ஏற்றுமதி 2023-24 நிதியாண்டில் 956 கோடி டாலர். 2024-25இல் 1,465 கோடி டாலர். இந்திய மாநிலங்களில் முதலிடம். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், ஓசூர் பக்கம் போகிறவர்களுக்கு விடியற்காலையில் வரிசைகட்டி ஓடும் கம்பெனி பஸ்களே இதைச் சொல்லிவிடும். அதே சாலைகளின் ஓரத்தில் இருக்கும் பாலிடெக்னிக்குகளின் வரவேற்பறைகளில் புரிந்துணர்வு ஒப்பந்தங்கள் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகின்றன. அந்த ஒப்பந்தங்களில் ஒரு பெரும்பகுதி டெக்னீஷியனை உருவாக்குவதில்லை, ஆபரேட்டரை அனுப்பிவைக்கிறது என்பது என் கணிப்பு. எலக்ட்ரானிக்ஸில் டிப்ளமோ முடித்த பையன் ‘ட்ரெய்னி’ என்ற அட்டையை மாட்டிக்கொண்டு, பிளஸ் டூ முடித்த பெண் செய்யும் அதே வேலையைப் பக்கத்தில் நின்று செய்கிறான். மூன்றாண்டுப் படிப்பு அவன் கையில் ஒரு முறைகூட இறங்குவதில்லை.

ஒரு கூட்டுப் பயிற்சி நல்லதா, கெட்டதா என்று அறிய ஒரே ஒரு சோதனை போதும் என்று நினைக்கிறேன். அந்தக் கம்பெனி நாளை கதவை மூடினால், அங்கே பயின்றவர் எதைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வருவார்?

ஸ்ரீபெரும்புதூருக்கு இந்தச் சோதனை ஏற்கெனவே வந்துபோயிற்று. நோக்கியா அங்கே 2006 ஜனவரியில் உற்பத்தியைத் தொடங்கியது. உச்சத்தில் 8,000 பேருக்குமேல் நேரடியாக வேலை பார்த்தார்கள். பெரும்பாலோர் பள்ளிப்படிப்பை முடித்த இளம்பெண்கள். காஞ்சிபுரம், திருவள்ளூர் கிராமங்களில் ஒரு தலைமுறைப் பெண்களுக்கு முதல் சம்பளத்தைக் கொடுத்த இடம் அது. 2011க்குள் அந்த ஆலையிலிருந்து 50 கோடி கைபேசிகள் வெளியேறின. பிறகு வரி வழக்கில் ஆலையின் சொத்து முடக்கப்பட்டது. 2014 ஏப்ரலில் நோக்கியாவின் கைபேசிப் பிரிவை மைக்ரோசாப்ட் வாங்கியபோது இந்த ஆலையை அதில் சேர்க்க முடியவில்லை. 2014 நவம்பர் 1 அன்று லைன்கள் நின்றன. அந்த ஆண்டு முடிவதற்குள் அருகிலிருந்த பாக்ஸ்கானும் அங்கே உற்பத்தியை நிறுத்தியது.

வேலையிழந்தவர்கள் திறமையில்லாதவர்கள் என்று யாரும் சொல்ல முடியாது. நாள்தோறும் ஆயிரக்கணக்கான போர்டுகளைப் பார்த்த கண்கள் அவை. ஆனால் அந்தத் திறமைக்கு வெளியே பெயரில்லை. இன்னொரு கம்பெனி படித்துப் புரிந்துகொள்ளும் சான்றிதழ் இல்லை. அதைக் காட்டிப் பாலிடெக்னிக்கில் இரண்டாம் ஆண்டில் சேரும் வழியும் இல்லை. எட்டாண்டு அனுபவம் இழப்பீட்டுக் காசோலையாக மாறி முடிந்துபோயிற்று. பயிற்சி முழுவதும் ஒரு நிறுவனத்தின், ஒரு லைனின் உடைமையாக இருந்ததால் வந்த வினை இது.

இதே சோதனை வேறொரு ஊரில் எப்படி முடிந்தது என்று பார்ப்போம். 1970களின் தொடக்கத்தில் சிங்கப்பூரில் ஆலைகள் வந்தன. துல்லிய வேலை தெரிந்த ஆள் இல்லை. அந்நாட்டின் பொருளாதார வளர்ச்சிக் கழகம் ஒரு வழி கண்டது. பெரிய நிறுவனம் ஒன்றைக் கூட்டிவந்து, அரசும் அதுவும் சேர்ந்து பயிற்சி நிலையம் நடத்துவது. அரசு இடமும் பணமும் தரும். நிறுவனம் பயிற்றுநரையும் முறையையும் தரும். நிறுவனம் தனக்குத் தேவையானதைவிட அதிகம் பேரைப் பயிற்ற வேண்டும். மிச்சம் இருப்பவர்கள் மற்ற ஆலைகளுக்குப் போவார்கள். அப்படி அமைந்த முதல் நிலையம் 1972இல் டாடாவோடு சேர்ந்து தொடங்கப்பட்டது என்பது நம்மில் பலர் அறியாத செய்தி. அடுத்து 1973இல் ஜெர்மனியின் கேமரா நிறுவனமான ரோலெய், 1975இல் பிலிப்ஸ்.

ரோலெய் 1981இல் நொடித்துப்போனது. சிங்கப்பூரில் ஆயிரக்கணக்கானோர் வேலை பார்த்த அதன் ஆலைகள் மூடப்பட்டன. ஆனால் பயிற்சி நிலையத்தில் கற்றவர்கள் கற்றது கேமராவை மட்டும் இல்லை. மைக்ரானில் அளப்பதையும், கருவி வடிப்பதையும், வரைபடம் படிப்பதையும் கற்றிருந்தார்கள். வளர்ந்துகொண்டிருந்த துல்லியப் பொறியியல் தொழில் அவர்களை எடுத்துக்கொண்டது. 1980களில் ஜெர்மனி, ஜப்பான், பிரான்ஸ் அரசுகளோடு சேர்ந்து அமைத்த பயிற்சிக் கழகங்களும் இதே வழியில் வந்தவை. பின்னாளில் அவை 1992இல் உருவான நன்யாங் பாலிடெக்னிக்கில் கலந்தன. ரோலெய் போனது, ரோலெய் கற்பித்தது ஊரில் தங்கிற்று.

சிங்கப்பூர் சிறிய நாடு, அரசின் கை வலுவானது, அதோடு நம்மை ஒப்பிடலாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆகவே தமிழர்களுக்கு நன்கு பழகிய இன்னோர் ஊரான பினாங்குக்குப் போவோம். மலேசியாவின் ஒரு மாநிலம் அது. தேசிய அரசின் அதிகாரம் அதற்கு இல்லை. 1972இல் பாயான் லெப்பாஸில் சுதந்திர வர்த்தக வட்டாரத்தைத் திறந்து இன்டெல், ஹியூலெட் பேக்கார்ட், ஹிட்டாச்சி, பாஷ் போன்ற நிறுவனங்களைக் கொண்டுவந்தது. முதல் பத்துப் பதினைந்து ஆண்டுகள் அங்கே நடந்ததும் ஸ்ரீபெரும்புதூரில் நடந்ததுதான். கிராமத்துப் பெண்கள் நுண்ணோக்கியில் குனிந்து சில்லுகளுக்குக் கம்பி கட்டினார்கள். 1980களின் நடுவில் உலகச் சந்தை சுருங்கியபோது ஆட்குறைப்பு வந்தது. அதைத் தொடர்ந்து தானியங்கி மெஷின்கள் வந்தன. ஆபரேட்டர்களின் தேவை குறைந்தது. மெஷினைப் பேணத் தெரிந்தவரின் தேவை ஏறியது. அப்படிப்பட்டவர்கள் கிடைக்காதபோது நிறுவனங்கள் ஒன்றிடமிருந்து ஒன்று ஆள் பிடித்துக்கொண்டன. பயிற்சி கொடுத்தவன் நஷ்டப்பட்டான். கொடுக்காதவன் லாபம் பார்த்தான். எந்தத் தொழில்பேட்டையிலும் பயிற்சியைக் கொல்வது இந்த ஒரு கணக்குதான்.

1989இல் பினாங்கு திறன் மேம்பாட்டு மையம் தொடங்கப்பட்டது. மாநில அரசு இடத்தைக் கொடுத்தது. நிறுவனங்கள் உறுப்பினர்களாகச் சேர்ந்து, தங்களுக்குள் தேர்ந்தெடுத்த குழுவின் மூலம் அதை நடத்தின. மெஷின்களை அவையே கொடுத்தன. தங்கள் மூத்த டெக்னீஷியன்களை வகுப்பெடுக்க அனுப்பின. சந்தையில் ஒன்றையொன்று விழுங்கப் பார்க்கும் நிறுவனங்கள் பயிற்சிக் கூடத்தில் ஒரே மேஜையில் உட்கார்ந்தன. எந்தப் பாடம் வேண்டும் என்று அவையே கேட்டன. கேட்டதற்குத் தங்கள் ஆட்களை அனுப்பி அவையே இடத்தை நிரப்பின. பாடத்திட்டம் பழசானால் யாரையும் குறைசொல்ல முடியாது, ஏனென்றால் அதை வகுத்தவர்களே அதன் வாடிக்கையாளர்கள்.

இதற்குப் பக்கபலமாக ஒரு சட்டமும் வந்தது. 1992ஆம் ஆண்டின் மனிதவள மேம்பாட்டுச் சட்டத்தின்கீழ் குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் சம்பளத் தொகையில் 1 விழுக்காட்டைப் பயிற்சி நிதிக்குக் கட்ட வேண்டியிருந்தது. பயிற்சி கொடுத்தால் திரும்பப் பெறலாம், கொடுக்காவிட்டால் போனது போனதுதான். ஆள் பிடிக்கிறவனையும் பயிற்சிக்குச் செலவழிக்க வைக்கும் எளிய தந்திரம். பினாங்கு மையத்தைப் பார்த்து மலேசியாவின் மற்ற மாநிலங்களும் இத்தகைய மையங்களை அமைத்தன. 2021 டிசம்பரில் இன்டெல் 700 கோடி டாலர் முதலீட்டை மலேசியாவுக்கு அறிவித்தபோது, அரை நூற்றாண்டாக அங்கே சேர்ந்திருந்த இந்தக் கைப்பழக்கமும் கணக்கில் இருந்திருக்கும் என்றே எண்ணுகிறேன்.

ஜெர்மனியைப் பற்றி ஒரு சொல் போதும், அதைப் பற்றி நிறைய எழுதியாயிற்று. அங்கே எலக்ட்ரானிக்ஸ் தொழில் பழகும் இளைஞர் மூன்றரை ஆண்டுகள் நிறுவனத்திலும் தொழிற்பள்ளியிலும் மாறிமாறிப் பயில்கிறார் என்பதை எல்லோரும் சொல்கிறோம். கடைசித் தேர்வை அவருக்கு வேலை கொடுத்த நிறுவனம் நடத்துவதில்லை, வட்டாரத் தொழில் வர்த்தகச் சபை நடத்துகிறது என்பதைச் சொல்ல மறந்துவிடுகிறோம். அந்தச் சான்றிதழ் நாடு முழுக்கச் செல்லுபடியாவது அதனால்தான்.

இவையெல்லாம் வெளிநாட்டுச் சரக்கு என்று நினைத்துவிட வேண்டாம். கோயம்புத்தூரில் பிஎஸ்ஜி அறநிலையம் 1926இல் தொழிற்கூடம் ஒன்றைத் தொடங்கியது. அதே வளாகத்தில் 1939இல் பாலிடெக்னிக் வந்தது, 1951இல் பொறியியல் கல்லூரி வந்தது. விற்பனைக்கான பம்பும் மோட்டாரும் செய்யும் பட்டறையோடு வகுப்பறை ஒட்டியிருந்தது. அந்த ஊரின் மோட்டார், பம்புத் தொழில் வளர்ந்ததில் இந்த ஒட்டுக்குப் பங்குண்டு. 1945இல் ஜி.டி. நாயுடு தம் பொருளைக் கொடுத்து, அன்றைய சென்னை மாகாண ஆளுநர் ஆர்தர் ஹோப் பெயரில் பாலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரியும் அமையக் காரணமானார், முதல்வராகவும் இருந்தார். நான்கு ஆண்டுப் பொறியியல் படிப்பு காலவிரயம், கையால் வேலைசெய்து கற்றால் இரண்டு ஆண்டு போதும் என்பது அவர் கட்சி. அரசு ஏற்கவில்லை, அவர் விலகிக்கொண்டார். இரண்டாண்டு போதுமா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. ஆனால் பட்டறையில் தொடங்க வேண்டும் என்பதில் அவர் பக்கம்தான் நிற்பேன். தலச்சேரிக்குப் பக்கத்தில் நெட்டூரில் 1959இல் சுவிஸ் உதவியோடு தொடங்கிய தொழில்நுட்பப் பயிற்சி நிறுவனமும் இந்த மரபில் வந்ததே. என்டிடிஎஃப் என்று சொன்னால் ஓசூர், பெங்களூர் ஆலைகளில் இன்றும் அதற்குத் தனி மதிப்பு.

நமக்குச் சட்டமும் இருக்கிறது. 1961இல் இயற்றிய தொழில் பழகுநர் சட்டம் முதலில் ஐடிஐ நிலையில் இருப்பவர்களுக்கு இருந்தது. 1973இல் செய்த திருத்தத்தால் டிப்ளமோவும் பட்டமும் பெற்றவர்களுக்கு விரிந்தது. 2019இல் திருத்திய விதிகளின்படி 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம், கான்ட்ராக்ட் ஆட்களையும் சேர்த்துக் கணக்கிட்டு, மொத்தத்தில் 2.5 முதல் 15 விழுக்காடு வரை அப்ரண்டிஸ்களை எடுக்க வேண்டும். டிப்ளமோ படித்தவருக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை மாதம் 8,000 ரூபாய் என்று அந்த விதிகள் வைத்தன. அதில் ஒரு பங்கை அரசு திருப்பிக் கொடுக்கிறது. தென்மாநிலங்களுக்கான தொழில் பழகுநர் பயிற்சி வாரியம் சென்னை தரமணியில் இருந்து இதை நடத்துகிறது.

சட்டத்தின் எழுத்தில் பெரிய குறையில்லை. ஓட்டை நடைமுறையில் இருக்கிறது. அப்ரண்டிஸ் தொழிலாளி இல்லை என்று சட்டம் சொல்கிறது. ஆகவே தொழிலாளர் சட்டங்களின் பெரும்பகுதி அவருக்குப் பொருந்தாது. பயிற்சி முடிந்ததும் வேலை கொடுக்க வேண்டிய கட்டாயமும் நிறுவனத்துக்கு இல்லை. கற்பிக்கும் எண்ணமுள்ள நிறுவனத்துக்கு இது வசதி. கற்பிக்கும் எண்ணமில்லாத நிறுவனத்துக்கு அதைவிட வசதி: குறைந்த செலவில், சங்கம் சேராத, ஓராண்டில் மாறிக்கொண்டே இருக்கும் ஆட்கள். இரண்டையும் பிரித்துப் பார்க்க ஒரே வழிதான் உண்டு. அந்த ஓராண்டில் அப்ரண்டிஸ் எத்தனை மேஜைகளில் உட்கார்ந்தார் என்று கேட்க வேண்டும். பேஸ்ட் அச்சு, பாகம் வைக்கும் மெஷின், அடுப்பு, கேமராச் சோதனை, மின்சோதனை, ரிப்பேர் என ஆறு இடங்களையும் சுற்றிவந்தவர் டெக்னீஷியனாகும் வழியில் இருக்கிறார். பன்னிரண்டு மாதமும் ஒரே மெஷினில் ரீல் மாற்றிக்கொண்டிருந்தவர் ஏமாற்றப்பட்டிருக்கிறார்.

இனிக் கல்லூரிப் பக்கம். எலக்ட்ரானிக்ஸ் லேபுக்குள் நுழைந்தால் 8085 மைக்ரோபிராசசர் கிட்டும், பழைய சிஆர்ஓவும், பிரெட்போர்டும் இருக்கும். பார்த்தவுடன் பழசு என்று ஒதுக்குவது தொழில்துறையினரின் வழக்கம். நான் அப்படிச் சொல்லமாட்டேன். ஓம் விதி பழசாகவில்லை. ஓர் உதாரணம் சொல்கிறேன். எலக்ட்ரானிக்ஸ் ஆலையில் மேஜையில் உட்கார்ந்து போர்டைத் தொடுகிற எவரும் மணிக்கட்டில் நில இணைப்புப் பட்டை கட்டிக்கொள்ள வேண்டும். நம் உடம்பில் சேரும் நிலைமின்சாரம் ஏறத்தாழ 3,000 வோல்ட் வந்தால்தான் நமக்கே சுரீரென்று உறைக்கும். ஆனால் 100 வோல்ட்டுக்குக் குறைவிலேயே செத்துப்போகும் சில்லுகள் உண்டு. பட்டையின் கம்பியில் 1 மெகா ஓம் தடை ஒன்று இருக்கும். அது எதற்கு என்று லைனில் கேட்டால் பெரும்பாலும் ‘ரூல்’ என்று பதில் வரும். தற்செயலாகக் கை 230 வோல்ட்டைத் தொட்டுவிட்டால் அந்தத் தடையின் வழியே ஓடுவது 0.23 மில்லி ஆம்பியர் மட்டுமே. உணரக்கூட முடியாத அளவு. சில்லைக் காக்கும் பட்டை ஆளைக் கொன்றுவிடாமல் இருக்கத்தான் அந்தத் தடை. முதல் செமஸ்டர் பாடத்தில் ஒரு வகுத்தல் கணக்கு. கல்லூரியில் கணக்கைப் போட்டவனுக்குப் பட்டையைத் தெரியாது. பட்டை கட்டியவளுக்குக் கணக்கு தெரியாது. கூட்டுப் பயிற்சி என்பது இந்த இருவரையும் ஒரே ஆளாக்குவது.

நம் லேப்களில் இல்லாத முக்கியமான பொருள் எஸ்எம்டி லைனும் இல்லை. கோடிகளைக் கொட்டி அதை வாங்கினாலும் ஓட்டுவதற்கு உற்பத்தி இருக்காது. ஐந்தாறு ஆண்டில் அதுவும் பழசாகும். இல்லாதது பழுது. நம் மாணவர் செய்கிற ஒவ்வொரு சோதனையும் வேலைசெய்தே ஆக வேண்டும். வேலைசெய்ததைத்தான் ரெக்கார்ட் நோட்டில் எழுத வேண்டும். அளவு சரியாக வராவிட்டால் பக்கத்து பெஞ்சில் பார்த்து எழுதிக்கொள்வதும் உண்டு. தொழிற்சாலையிலோ டெக்னீஷியனுக்குச் சம்பளமே வேலைசெய்யாததற்காகத்தான். மூன்றாண்டும் வேலைசெய்யும் சுற்றுகளை மட்டுமே பார்த்தவர், செத்த போர்டு ஒன்றைக் கையில் கொடுத்ததும் திகைத்து நிற்பதில் வியப்பில்லை.

ஆகவே ஒரு நிறுவனம் கல்லூரிக்குக் கொடுக்கக்கூடிய ஆகப் பெரிய நன்கொடை அதன் குப்பைத்தொட்டியில் கிடக்கிறது என்பேன். சோதனையில் தோற்ற நூறு போர்டுகள், அவை எந்தச் சோதனையில் எப்படித் தோற்றன என்ற பதிவு, ரிப்பேர் மேஜையில் பிறகு என்ன கண்டுபிடித்தார்கள் என்ற குறிப்பு. இவை மூன்றும் கிடைத்தால் ஒரு சாதாரண பாலிடெக்னிக் லேப், மல்டிமீட்டரையும் ஒரு நல்ல நுண்ணோக்கியையும் வைத்துக்கொண்டு, ஓராண்டுக்கான பழுதறியும் பாடத்தை நடத்திவிடும். மாணவர் தாமாகக் கண்டதை ரிப்பேர் மேஜை கண்டதோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம். எலக்ட்ரானிக்ஸ் இணைப்புகளில் எது ஏற்கத்தக்கது, எது தள்ளத்தக்கது என்று உலகம் முழுக்கப் பின்பற்றும் ஐபிசி தரநூலை அந்தப் போர்டுகளை வைத்தே படிக்கலாம். பொம்மையில் இருக்கும் சால்டர் இணைப்புக்கு ஒரு தரம், விமானத்திலும் உயிர்காக்கும் கருவியிலும் இருப்பதற்கு வேறு தரம் என்று மூன்று வகுப்புகளாக அது பிரிக்கிறது. அந்த வேறுபாடு படத்தில் புரியாது. கண்ணால் பார்க்க வேண்டும்.

இது ஏன் நடப்பதில்லை? நிறுவனங்களுக்கு மனமில்லை என்று மட்டும் சொல்வது நியாயமில்லை. இங்கே இருப்பவற்றில் பல, வேறொருவரின் பொருளை ஒப்பந்தத்துக்குச் செய்துகொடுப்பவை. தோற்ற போர்டும் அந்த வேறொருவரின் ரகசியம். வெளியே விட்டால் ஒப்பந்தம் போய்விடும். அதோடு 2023 ஏப்ரல் முதல் நடப்பில் இருக்கும் மின்னணுக் கழிவு விதிகளின்படி குப்பையைப் பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் கணக்கோடு ஒப்படைக்க வேண்டும். இரண்டுமே கடக்கக்கூடிய தடைகள். சந்தையிலிருந்து போய்விட்ட பழைய மாடலின் போர்டில் காக்க வேண்டிய ரகசியம் அதிகம் மிஞ்சியிருக்காது. படித்து முடித்த போர்டுகளைக் கல்லூரியே கணக்கோடு மறுசுழற்சிக்கு அனுப்பலாம். ஆனால் அதை ஒப்பந்தத்தில் ஒரு வரியாக எழுதக் கல்லூரி கேட்க வேண்டும். கேட்பதற்கு எது வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும். நம் கல்லூரி முதல்வர்கள் பெரும்பாலும் கேட்பது வேலைவாய்ப்பு எண்ணிக்கையை. அடுத்த ஆண்டுச் சேர்க்கை அதை நம்பித்தான் இருக்கிறது என்பதால் அவர்களைக் கடிந்துகொள்ளவும் மனம் வரவில்லை.

வாத்தியார்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. டிப்ளமோ மாணவனைத் தொழிற்சாலைக்கு அனுப்ப ஆயிரம் திட்டம் இருக்கிறது. அவனுக்குப் பாடம் நடத்துகிறவரை மூன்று மாதம் ரிப்பேர் மேஜையில் உட்காரவைக்க எத்தனை ஒப்பந்தத்தில் இடம் இருக்கிறது? ஈயம் கலந்த சால்டர் 183 டிகிரி செல்சியஸில் உருகும். 2006 ஜூலையில் ஐரோப்பா ஈயத்தை விலக்கியபிறகு பரவலான வெள்ளீயம், வெள்ளி, செம்புக் கலவை 217 டிகிரியில்தான் உருகத் தொடங்குகிறது. பாகங்கள் தாங்கும் உச்சத்துக்கும் சால்டர் உருகும் வெப்பத்துக்கும் இடையே இருந்த இடைவெளி சுருங்கியது. அடுப்பை ஓட்டும் கலையே மாறிவிட்டது. பளபளப்பான இணைப்புதான் நல்ல இணைப்பு என்று பழைய சால்டரை வைத்துச் சொல்லிக்கொடுத்த பாடம் புதிய சால்டருக்குப் பொருந்தாது. அது இயல்பிலேயே மங்கலாகத் தெரியும். லைனைப் பார்க்காத வாத்தியார் இன்னும் பளபளப்புக்கு மதிப்பெண் போடக்கூடும். அது அவர் குற்றமில்லை. மாணவர் ஒருவர் லைனுக்குப் போனால் பயன் ஒருவருக்கு. வாத்தியார் போய்வந்தால் அவர் ஓய்வு பெறும்வரை வரும் எல்லா வகுப்புகளுக்கும்.

அரசு பணத்தைப் போடவில்லை என்று இப்போது சொல்ல முடியாது. 71 அரசு ஐடிஐகளை 2,877 கோடி ரூபாயில் டாடா டெக்னாலஜிஸோடு சேர்ந்து நவீனத் தொழில்நுட்ப மையங்களாக மாற்றும் வேலை நடந்திருக்கிறது. 2022 மார்ச்சில் தொடங்கிய நான் முதல்வன் திட்டம் பாலிடெக்னிக்குகளுக்கும் ஐடிஐகளுக்கும் தொழில்துறைப் பாடங்களைக் கொண்டுவந்திருக்கிறது. நல்ல தொடக்கம். ரோபோவும் முப்பரிமாண அச்சும் வந்துவிட்டன. அவற்றைப் பயன்படுத்தும் ஆலைகள் ஒரே மேஜையில் உட்கார்ந்து பாடத்தை வகுக்கும் பினாங்கு ஏற்பாடு மட்டும் வரவில்லை. ஸ்ரீபெரும்புதூர் ஒரகடம் வட்டாரத்துக்கு ஒன்று, ஓசூர் வட்டாரத்துக்கு ஒன்று என இரண்டு பொது மையங்கள், ஆலைகளே சந்தா கட்டி நடத்துவதாக, அரசும் ஏதேனும் ஒரு பாலிடெக்னிக்கும் இடம் கொடுப்பதாக அமைந்தால் போதும். தேர்வை எந்த ஆலையும் தனியாக நடத்தக் கூடாது.

அடுத்த அலை இதைவிடக் கடினமானது. ஒன்றிய அரசு 2025 மார்ச்சில் 22,919 கோடி ரூபாயில் எலக்ட்ரானிக்ஸ் பாகங்கள் உற்பத்தித் திட்டத்தை அறிவித்தது. இதுவரை நாம் பெரும்பாலும் செய்தது வந்த பாகங்களைப் பொருத்துவது. பல அடுக்குப் போர்டையே இங்கே செய்வதென்றால் செம்பு முலாம், அமிலத் தொட்டி, துளையிடல், வேதியியல் அளவை என்று வேறொரு தொழில். முலாம் தொட்டியின் கலவை சற்று மாறினால் போர்டுக்குள் இருக்கும் துளையில் செம்பு மெலிந்துபோகும். பொருள் வெளியேறிச் சில மாதம் கழித்துத்தான் பழுது தெரியும். அந்தத் தொட்டிக்குப் பக்கத்தில் நிற்க எலக்ட்ரானிக்ஸும் வேதியியலும் சேர்ந்து தெரிந்த டெக்னீஷியன் வேண்டும். அப்படி ஒரு டிப்ளமோ பரவலாக இல்லை. ஆலை எழும்ப இரண்டு ஆண்டு ஆகும் என்றால் படிப்பு எழும்ப நான்கு ஆண்டு ஆகும்.

இதற்கான ஆட்களை எங்கே தேடுவது என்று கேட்கிறவர்கள் லைனைத் திரும்பிப் பார்க்க வேண்டும். பத்துப் போர்டிலும் ஒரே இடத்தில் கெபாசிட்டர் எழுந்து நிற்பதை முதலில் கண்டது அந்த ஆபரேட்டர் பெண்தான். மூன்று நான்கு ஆண்டு லைனில் நின்ற பெண்ணின் கண்ணுக்கு ஈடான கண்ணை எந்த லேபும் உருவாக்காது. எங்கே பார்த்தாலும் ஆபரேட்டர் மேஜைகளில் பெண்கள், டெக்னீஷியன் அட்டையோடு வருகிறவர் ஆண் என்பதே காட்சியாக இருக்கிறது. ஐடிஐ முடித்தவர் டிப்ளமோவில் நேராக இரண்டாம் ஆண்டில் சேரலாம். டிப்ளமோ முடித்தவர் பொறியியலில் இரண்டாம் ஆண்டில் சேரலாம். படிகள் இருக்கின்றன. பிளஸ் டூ முடித்து லைனுக்கு வந்தவருக்கும் ஒரு படி வைத்தாயிற்று: குறைந்தது ஓராண்டு வேலை அனுபவம் உள்ளவர்கள் வேலையை விடாமல் டிப்ளமோ படிக்க, அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏஐசிடிஇ 2023-24 கல்வியாண்டிலிருந்து இடம் கொடுத்திருக்கிறது. வகுப்புகள் பெரும்பாலும் மாலையில் நடக்கின்றன. அந்தப் பெண்ணின் ஷிப்டோ வாரத்துக்கு வாரம் மாறுகிறது. விடுதி பஸ் ஆலைக்கும் விடுதிக்கும் இடையில் மட்டும் ஓடுகிறது. ஆலையும் பாலிடெக்னிக்கும் அடுத்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும்போது, படிக்கிறவர்களுக்கு மாறாத பகல் ஷிப்டும், பாலிடெக்னிக் வாசலில் நின்று போகும் ஒரு பஸ்ஸும் என்று இரண்டு வரிகளைச் சேர்த்துக்கொள்ளலாம்.